கால் அசைந்த ஞாயிற்றுக்கிழமை

என் உடம்புக்கு மார்க் போட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மெடிக்கல் போர்டு என்று மூன்று டாக்டர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து, பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி ஊசியால் குத்திக்கொண்டே, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்டார். முட்டி, தொடை, வயிறு எல்லாம் தாண்டி மார்புக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் "தெரியுது சார்" என்றேன். வெளியே வந்ததும் என் வக்கீலம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "ஊனத்துக்கு நல்ல பர்சென்டேஜ் போட்டிருக்காங்க" என்றார். பத்தாம் வகுப்புக் கணக்கில் முட்டி மோதிப் பாஸ் ஆனவன் நான். இந்த மாதிரி மார்க்கை என் ஆயுளில் வாங்கியதில்லை. அதைச் சொல்லிச் சிரித்தேன். சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் ஆட்களை ஏற்றி சிறுசேரி கம்பெனிகளில் இறக்கிவிடுவது என் பிழைப்பாக இருந்தது. சொந்த வேன். எங்கள் தாத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். அப்பா லாரியில் கிளீனர். நான் ஸ்டியரிங் பிடித்தேன், அதுவும் என் பெயரில் இருந்த வண்டியில். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அன்றைக்குக் காலையில் எல்லாரையும் இறக்கிவிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு சவாரி இருக்கிறது என்று திருப்போரூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். யூ-டர்ன் வரைக்கும் போய்த் திரும்பினால் டீசல் வீண் என்று ஒரு டிப்பர் லாரிக்காரர் என் பக்கத்தில் எனக்கு எதிராகவே வந்தார். அவரும் ஏதோ ஒரு முதலாளிக்கு டீசல் மிச்சம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். அவர் மீது எனக்கு இன்றுவரை பெரிய கோபம் வரவில்லை. கோபப்படவேண்டிய ஆட்கள் எனக்கு வேறு நிறையப் பேர் இருந்தார்கள்.

தண்டுவடம் போய்விட்டது. மார்புக்குக் கீழே எனக்குச் சொந்தமானது எதுவும் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் நான்தான் சுமக்கவேண்டும். சுமப்பது நான் இல்லை, என் மனைவி. அதுதான் இந்தக் கதையின் விஷயமே.

அவள் எனக்கு அத்தை மகள். மாமா என்றுதான் கூப்பிடுவாள். மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்துகொண்டிருந்தாள். சப்பாத்தி போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அங்கே பேர். நான் விழுந்த பிறகு அந்த வேலையை விட்டாள். படுத்தே இருப்பவனுக்குப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். மூத்திரப் பையை மாற்றவேண்டும். மற்றதையும் அவள்தான் கையுறை போட்டுக்கொண்டு எடுக்கவேண்டும். நான் தடித்த ஆள். அவள் என் மார்பளவுதான் இருப்பாள். ஒரு வருஷத்துக்குள் அவளுடைய இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது. "இனிமேல் பாரம் தூக்கினா உங்களையும் படுக்கப்போட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்து நாஸ்தா கொடுத்தாள்.

ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஆள். கூடவே இருந்து என்னைத் தூக்கிப் புரட்ட ஒரு ஆண் அட்டெண்டர், நான் சாகும்வரைக்கும். அதற்கான செலவு லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்துதான் வரவேண்டும். வராவிட்டால் அவள் உடைந்துபோவாள். இதை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே தெரிந்திருந்தது.

வக்கீலம்மாவின் ஆபீஸ் செங்கல்பட்டில், கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். படி ஏற முடியாது என்பதால் அவர் கீழே இறங்கி வந்து, நாங்கள் வாடகைக்கு எடுத்து வந்த வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டபடி எங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நல்ல மனுஷி.

"ஆள் செத்துட்டா கணக்கு ஈஸி. சம்பாத்தியத்துல அவர் சாப்பிட்ட பங்கைக் கழிச்சுட்டு, வயசுக்கு ஏத்த மாதிரி பெருக்கி, குடும்பத்துக்குக் கொடுத்துடுவாங்க. உயிரோட இருந்தா அந்தக் கழிக்கிற வேலையே கிடையாது. நீங்க சாப்பிடணும், மருந்து வாங்கணும், உங்களைப் பாத்துக்க ஆள் வேணும். அதனால உங்க கேஸ்தான் பெருசு."

"அப்ப சாவாம இருந்தது லாபம்னு சொல்றீங்க" என்றேன்.

"கோர்ட்டுக்கு லாபம் நஷ்டம் கிடையாது. இழப்புதான்" என்று சொல்லி, ஊறுகாயை நக்கினார்.

அவர் சொன்னதில் நான் பிடித்துக்கொண்டது இதுதான். போர்டு போட்ட மார்க் உடம்புக்கு. கோர்ட்டில் அதுமட்டும் போதாது. வேலைக்கு எவ்வளவு போயிற்று என்று தனியாகப் பார்ப்பார்கள். மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்குக் கால் போனால் பிழைப்பில் பாதிதான் போகும். டிரைவருக்குப் போனால் முழுசும் போயிற்று. நூற்றுக்கு நூறு. அந்த நூறை வாங்கினால்தான் அட்டெண்டர் கூலியையும் ஆயுள்வரைக்கும் கேட்க முடியும். இன்சூரன்ஸ் கம்பெனி என்ன சொல்லும்? கை நன்றாக இருக்கிறதே, உட்கார்ந்து ரீசார்ஜ் கடை வைக்கலாமே என்று சொல்லும். பெண்டாட்டிதானே பார்த்துக்கொள்கிறாள், அதற்கு எதற்குக் கூலி என்று கேட்கும். இவர் தேறிக்கொண்டு வருகிறார் என்றும் சொல்லப் பார்க்கும். "அந்தக் கடைசி ஒண்ணுதான் ஆபத்து" என்றார் வக்கீலம்மா. "இது இனிமே மாறாதுங்கறதுல நாம நிக்கணும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி நிக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். இல்லற வாழ்க்கையை இழந்ததற்கு என்று ஒரு தலைப்பு இருக்கிறதாம். அதிலும் கொஞ்சம் கேட்கலாமாம். "குழந்தை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். என் மனைவி வேனிலிருந்து இறங்கிப் போய் சந்தின் முனையில் நின்றாள்.

குழந்தைக்காகத்தான் அவள் ஒரு ஜெப சபைக்குப் போகத் தொடங்கினாள். நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள், பெரிய கோயில்காரர்கள். மணி அடித்தால் போய், அச்சடித்த ஜெபத்தை வாசித்துவிட்டு வருகிற ஜனங்கள். இது வேறு. ஏரிக்கரையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை, இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு. முன்பு கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்தான் பாஸ்டர். நல்லவர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிக்கொண்ட காரியம் கைக்கு வரும் முன்பே, வந்துவிட்டது என்று எல்லார் முன்பும் எழுந்து சொல்லவேண்டும். சொன்னால்தான் வரும். வந்த பிறகு சொல்வதற்கு விசுவாசம் எதற்கு என்பார் பாஸ்டர். பேங்கில் மனுவே போடாத ஒருவர், வீட்டுக்கடன் சாங்ஷன் ஆகிவிட்டதாக நன்றி சொல்லியிருக்கிறார். மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு அம்மா அழுதிருக்கிறார், பையன் அப்போது பாஸ்போர்ட்டே எடுத்திருக்கவில்லை. நான் இதையெல்லாம் வைத்து அவளைக் கிண்டல் செய்வேன். "எனக்கும் ஒரு லாரி வந்துடுச்சின்னு சொல்லிட்டு வா மே, ஷெட்டு போட்டு வெக்கிறேன்" என்பேன். "நீ சிரி மாமா, சிரிக்கிற வாய்தான் ஸ்தோத்திரமும் சொல்லும்" என்பாள்.

குழந்தை விஷயத்திலும் அவள் அப்படிச் சொல்லியிருந்தாள். பிறகு நான் விழுந்தேன்.

தண்டுவடம் போனவர்களுக்குக் கால் சில சமயம் தானாகத் துள்ளும். ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தார். "பயப்படாதீங்க, சந்தோஷமும் படாதீங்க. மூளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கீழ இருக்கிற நரம்பு தானா உதைச்சுக்கிறது." வீட்டுக்கு வந்த பிறகு அது அதிகமாயிற்று. போர்வையை விலக்கும்போது, ஈரத்துணி படும்போது, வலது கால் விலுக்கென்று உதைக்கும். அவள் ஒவ்வொரு முறையும் ஓடி வருவாள். கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வருவாள். முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, அடுத்த உதைக்குக் காத்திருப்பாள். அடுப்பில் சோறு தீய்ந்த நாட்கள் உண்டு. "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்பேன். "அவுருக்குத் தெரிஞ்சத அவுரு சொன்னாரு" என்பாள்.

கேஸ் போட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை வலது கால் நிறுத்தாமல் துள்ளிக்கொண்டே இருந்தது. முட்டி மடங்கிப் பாதம் படுக்கையில் ஊன்றி நின்றுவிட்டது. எழுந்திருக்கப் போகிறவன் கால் மாதிரியே இருந்தது, நானே தலையைத் தூக்கிப் பார்த்தேன். மறுநாள் அவள் சபையில் எழுந்து நின்றாள்.

சபையில் நடப்பதையெல்லாம் பாஸ்டர் போனில் படம் பிடித்து யூடியூபில் போட்டுவிடுவார். அதைப் பார்க்கிறவர்கள் ஒரு பஸ்ஸை நிரப்பமாட்டார்கள். நான் படுக்கையில் கிடந்தபடி பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்திருந்தாள். "எங்க மாமா காலுக்கு கர்த்தரு உயிரு குட்த்துட்டாரு. நேத்து எந்திரிக்கிறாப்புல கால ஊனி நின்னிச்சி. வர்ற கிறிஸ்மஸ்க்கு அவுரு நடந்து இந்த சபைக்கு வருவாரு. வந்துட்டாருன்னே நான் சொல்றேன்." கொட்டகை முழுக்கக் கைதட்டினார்கள். கீபோர்டுக்காரர் ஒரு இழுப்பு இழுத்தார்.

அவள் வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கேலி செய்தேன். கிறிஸ்மஸ்க்குப் புது ஷூ வாங்கி வை என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் துணி துவைக்கப் போயிருக்கும் நேரங்களில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். "வந்துட்டாருன்னே நான் சொல்றேன்" என்ற இடம் வரும்போது நிறுத்திப் பின்னால் ஓட்டுவேன். நான் நம்பவில்லை. ஆனால் நம்புகிற ஒரு ஆள் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்குத் தெரிந்திருந்தது. கரண்ட் போனால் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் வெளிச்சம் நம் ஜன்னலில் விழுமே, அந்த மாதிரி. காசு கட்டுவது அவர்கள், வெளிச்சம் நமக்கும்.

கிறிஸ்மஸ் வந்துபோயிற்று. அதற்கப்புறம் ஒருநாள் வக்கீலம்மா போன் செய்து, "உடனே வாங்க" என்றார். போனோம். இந்தத் தடவை சாப்பாட்டு டப்பா இல்லை. போனை எங்களிடம் நீட்டினார். திரையில் என் மனைவி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கம்பெனி தாக்கல் பண்ணியிருக்கு" என்றார். "யாரோ ஆள் வெச்சுத் தேடியிருக்காங்க. இப்படித்தான் தேடுவாங்க, நான் உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும். கல்யாண வீட்டுல டான்ஸ் ஆடின வீடியோ பாத்திருக்கேன், கட்டுப் போட்டவர் பைக் ஓட்டின வீடியோ பாத்திருக்கேன். ஜெபக்கூட்டத்து வீடியோ எனக்கு இதுதான் முதல் தடவை."

என் மனைவி போனைத் திருப்பி நீட்டினாள். "அது கடவுளுக்குச் சொன்னது மேடம்" என்றாள்.

"கோர்ட்டுல இப்ப அது அவங்க பக்கத்து ஆவணம்."

அதோடு கம்பெனி ஒரு பேச்சும் அனுப்பியிருந்தது. சமரசத்துக்கு வந்தால் ஒரு தொகை தருகிறோம், கேஸை முடித்துக்கொள்ளலாம் என்றது. அந்தத் தொகையில் இருக்கிற கடன் தீரும். அட்டெண்டர் வைக்கமுடியாது. வக்கீலம்மா எதையும் மறைக்கவில்லை. வேண்டாமென்று கேஸை நடத்தினால் இவளைக் கூண்டில் ஏற்றி அந்த வீடியோவைக் கேட்பார்கள், இவள் தடுமாறினால் நூறு போய் பாதியாகலாம், அட்டெண்டர் கூலி இல்லாமலே போகலாம் என்றார். நான் சமரசத்துக்குப் போய்விடலாம் என்றேன். எனக்கு அலுத்துவிட்டது. அவள் என் இடுப்புக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டே, "கேஸ் நடக்கட்டும் மேடம். நான் சொல்றேன்" என்றாள். என்ன சொல்வாள் என்று நானும் கேட்கவில்லை, வக்கீலம்மாவும் கேட்கவில்லை.

அந்த வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வீடியோவை எடுத்துவிட்டேன் என்றார். எடுத்து என்ன பயன், அது கோர்ட்டு பீரோவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தங்கச்சி, விசுவாசத்துல சொன்னது பொய்யாவாது. அத்த மட்டும் மறந்துடாத. நம்பிச் சொன்னேன்னு சொல்லு, போதும்" என்றார். அவள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பாவம், அந்த மனுஷன் சொன்னதில் இருந்த பள்ளம் அவருக்குத் தெரியவில்லை. நம்பிச் சொன்னேன் என்று அவள் சொன்னால், இன்னும் நம்புகிறாயா என்பதுதான் அடுத்த கேள்வி. நம்புகிறேன் என்றால், இவர் தேறிவருகிறார் என்று மனைவியே சொல்கிறாள் என்பார்கள். நம்பவில்லை என்றால், சபையில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது என்ன? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு முட்டுச்சந்து. நான் படுத்துக்கொண்டு இதை யோசித்து யோசித்துப் பேஜாராகிப் போனேன்.

அவள் சாட்சி சொன்ன அன்றைக்கு என்னையும் உள்ளே கொண்டுபோகவேண்டும் என்று வக்கீலம்மா பிடிவாதமாக இருந்தார். ஜட்ஜ் பேப்பரைப் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதும் ஒன்றில்லையாம். என்னுடைய சாட்சியம் ஏற்கெனவே முடிந்திருந்தது. குமாஸ்தாக்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். மின்விசிறிக்கு நேர்கீழே, மூத்திரப் பை தெரியாமல் மடியில் துண்டை விரித்துக்கொண்டு, ஏலத்துக்கு வைத்த சாமான் போல உட்கார்ந்திருந்தேன்.

அவள் கூண்டில் ஏறினாள். கடவுள் அறிய உண்மை சொல்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். என்னை எப்படிக் கவனித்துக்கொள்கிறாள் என்று எங்கள் வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் கூச்சப்படாமல் பதில் சொன்னாள். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, மரியாதையானவர். என் நாற்காலி வாசலில் சிக்கியபோது ஓடிவந்து பெஞ்சை நகர்த்தியது அவர்தான். அதனால் அவரை வெறுக்கக்கூட என்னால் சரியாக முடியவில்லை.

"இந்த வீடியோவுல இருக்கறது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"கால் அசைஞ்சுதுன்னு சொல்றீங்க. அசைஞ்சுதா?"

"ஆடிச்சி சார். அது நரம்பு துள்றது. டாக்டரு மின்னயே சொல்லிக்கீறாரு."

"டாக்டர் சொன்னது தெரிஞ்சும் கர்த்தர் உயிர் கொடுத்துட்டார்னு சொன்னீங்க. கிறிஸ்மஸ்க்கு நடந்து வருவார்னு சொன்னீங்க. அது உண்மையா, பொய்யா?"

எங்கள் வக்கீலம்மா எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். ஜட்ஜ் கையைக் காட்டி, சாட்சி பதில் சொல்லட்டும் என்றார். பாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் அந்தப் பக்கமும் பார்க்கவில்லை, என் பக்கமும் பார்க்கவில்லை. டைப் அடிக்கிற பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சார்."

"சர்ச்சுல பொய் சொன்னீங்களா?"

"ஆமா சார். சர்ச்சுலதான் சொன்னேன்."

அவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். இளவயசு, இன்னொரு கேள்வி கேட்டால் ஆள் விழுந்துவிடும் என்று நினைத்தார். குரலை இறக்கிக்கொண்டு, அக்கறையாகவே கேட்டார். "கோவத்துல சொல்றீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எழுந்து நடப்பார்ங்கற நம்பிக்கை இன்னிக்கும் உங்க மனசுல இருக்கில்ல?"

"இல்ல சார். அவுரு எந்திரிக்க மாட்டாரு. எனுக்கு அன்னிக்கே தெரியும், ஆஸ்பத்திரிலயே தெரியும். வூட்ல ரெண்டே பேருதான் கீறோம். யாராச்சும் ஒருத்தரு நடப்பாருன்னு சொல்லிகினு இருந்தாத்தான சார் ஓட்ட முடியும். அவுரு சொல்ல மாட்டாரு, நான் சொல்லிகினு இருந்தேன்."

பிறகு ஜட்ஜ் டைப் அடிக்கிறவரிடம் எழுத்துத் தமிழில் சொன்னார். "என் கணவர் இனி எழுந்து நடக்கமாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும்." அவள் சொன்ன மற்றது பதிவாகவில்லை. வழக்குக்கு அது தேவையில்லை.

அழுதேன் என்றால் பொய், அழுகை வரவில்லை. நான் பெரிய அறிவாளி மாதிரி இவ்வளவு நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அவள் முட்டாள்தனமாக நம்புகிறாள், நான் உண்மை தெரிந்தவன் என்று இருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சோறு தீய தீய ஓடிவந்து என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தெரிந்திருக்கிறது. எனக்காகச் செய்தாள். சாவு என்றால் ஊர் கூடி அழுது முடித்துக்கொடுக்கும். நடப்பேன் என்கிற நம்பிக்கையை அப்படி முடித்துக்கொடுக்க யாரும் கிடையாது. அவள்தான் கூண்டில் ஏறி முடித்தாள்.

வேனில் ஏற்றிய பிறகு, "பசிக்குதா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பாஸ்டர் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு வக்கீலம்மா போனில் கத்தினார். நூற்றுக்கு நூறு. அட்டெண்டர் கூலி ஆயுளுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மனைவி செய்கிற வேலைக்கும் விலை உண்டு என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறாராம். தனக்குப் பாதகமான வீடியோவைக்கூட மறைக்காமல் பேசிய சாட்சியை நம்பலாம் என்றும் எழுதியிருக்கிறாராம். "எல்லாம் உங்க வீட்டம்மாவாலதான்" என்றார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அவள் கேட்டுவிட்டு, "மேடத்துக்கு நன்றி சொல்லு மாமா" என்று சொல்லி உள்ளே போனாள். இல்லற வாழ்க்கை என்ற தலைப்பிலும் கொடுத்திருந்தார்கள். அதை வக்கீலம்மா கொஞ்சம் வேகமாகப் படித்தார்.

கம்பெனி அப்பீல் போகவில்லை. பணம் பேங்கில், கோர்ட்டு சொன்னபடி பூட்டிக் கிடக்கிறது. மாதாமாதம் வட்டி வருகிறது. அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு அட்டெண்டர் வந்து சேர்ந்தார். நடுத்தர வயசு, முன்பு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டில் இருந்தவர். பலசாலி, ஒரே தம்மில் என்னைப் புரட்டிவிடுகிறார். என் மனைவி கேன்டீன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்கிறாள். எதைக் கேட்டோமோ அது முழுசாகக் கிடைத்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சபைக்கு அவள் போவதில்லை. பழைய கோயிலுக்கும் போவதில்லை. அவள் போகாமல் விட்ட முதல் மாதங்களில் பாஸ்டர் ஓரிரு முறை வந்து பார்த்தார். அவள் டீ கொடுத்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள், அவ்வளவுதான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. என்னை அவள் முன்பைவிட நன்றாகவே கவனிக்கிறாள். நான்தான் ஒருநாள் பொறுக்கமுடியாமல், "கிறிஸ்மஸ்க்கு ஷூ வாங்கலயா?" என்று பழைய கிண்டலை எடுத்துப் பார்த்தேன். "இன்னாத்துக்கு மாமா?" என்று கேட்டாள். நிஜமாகவே எதற்கு என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்படியில் வஞ்சிர மீன் அலசிக்கொண்டிருந்தாள். அட்டெண்டர் எனக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். வலது கால் விலுக்கென்று உதைத்தது. மறுபடி உதைத்தது. முட்டி மடங்கி, பாதம் அன்றைக்குப் போலவே படுக்கையில் ஊன்றி நின்றது. ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு இதைப் பார்த்திருப்பார், ஆனாலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணாத்த, காலு நல்லா ஸ்ட்ராங்கா ஊனுதே" என்றார். உள்ளே பார்த்து, "அக்கா, தோ வந்து பாரு, அண்ணன் காலு எப்டி நிக்கிது பாரு" என்று கூப்பிட்டார்.

குழாய்ச் சத்தம் நிற்கவில்லை.

"அது அப்டிதான் ஆடும்" என்றாள் உள்ளேயிருந்து. "போர்வையப் போத்தி வுடுங்க."

அவர் போர்த்திவிட்டார். போர்வைக்குள் கால் இன்னும் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தது. நான் அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு கால் தானாக அடங்கியது. மீன் வறுக்கிற வாசனை வந்தது.